‘பஸ்’ என்ற சொல்லில் வேர் எங்கே போனது?

சாலையோரம்:

எல்லோருக்கும் வணக்கம். ஆம்னி பஸ் என்கிறோமே, அந்த ‘ஆம்னி’ என்பது என்ன? எங்கள் வீட்டில் ஒருவர் அது முதலில் வந்த கம்பெனியின் பெயர் என்கிறார். இன்னொருவர் மாருதி ஆம்னி வேனிலிருந்து வந்திருக்கும் என்கிறார். டவுன் பஸ், மினி பஸ், ஸ்கூல் பஸ் என்று சொல்லும்போது முன்னால் இருக்கும் சொல் எந்த மாதிரி பஸ் என்று காட்டுகிறது. அப்படி ஆம்னியும் ஒரு வகையா? ஆனால் அகராதியைப் புரட்டினால் ‘பஸ்’ என்பதே ‘ஆம்னிபஸ்’ என்பதன் சுருக்கம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் முழுச்சொல் எப்படித் தன் சுருக்கத்திற்கே ஒரு வகையாகும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

இலத்தீன்வாசகி:

அகராதி சொல்வதுதான் சரி. மாருதி வேன் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்தச் சொல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

இலத்தீனில் ‘ஒம்னிஸ்’ என்றால் எல்லாம். அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை ‘ஒம்னிபுஸ்’, அதாவது எல்லோருக்கும். பிரான்ஸில் 1820களில் ஊருக்குள் ஓடிய பொதுக் குதிரைவண்டியை ‘வுவாத்யூர் ஒம்னிபுஸ்’ என்றார்கள். எல்லோருக்குமான வண்டி. கொஞ்ச நாளில் வண்டியைக் குறித்த சொல் உதிர்ந்து ‘ஒம்னிபுஸ்’ மட்டும் நின்றது. 1829இல் வண்டியும் பெயரும் சேர்ந்து லண்டனுக்கு வந்தன. 1832 வாக்கில் ஆங்கிலேயர்கள் முன்பாதியையும் விட்டுவிட்டு ‘பஸ்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு ஒற்றைக் குறி போடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது.

இப்போது அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘ஒம்ன்’ என்பது வேர், ‘எல்லாம்’ என்ற பொருள் அங்கே மட்டும்தான் இருக்கிறது. நடுவில் ஓர் ‘இ’. கடைசியில் ‘புஸ்’ என்ற உருபு. அந்த உருபுதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. வேர் போய்விட்டது! பொதுவாக நீளமான சொல்லைச் சுருக்கும்போது பொருள் இருக்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு மீதியை விடுவார்கள். ‘ஆட்டோ’ அப்படி, கேப்ரியோலே என்ற குதிரைவண்டியிலிருந்து வந்த ‘கேப்’ அப்படி. ஆங்கிலத்தில் ‘ஆம்னிபஸ்’ என்று சொல்லும்போது அழுத்தமும் முதல் அசையில்தான் விழுகிறது. அழுத்தமில்லாத, தனிப்பொருளில்லாத கடைசி அசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயர்ச்சொல் எழுந்து நின்றிருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

தமிழ்வகுப்பு:

அம்மா, மிக அருமையான விளக்கம். பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவன் என்பதால் நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒன்று சேர்க்கிறேன்.

ஒரு வண்டிக்கு ‘எல்லோருக்கும்’ என்று தமிழில் பெயர் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நாளாக ஆக மக்கள் ‘எல்லோ’வை விட்டுவிட்டு, ‘ருக்கும் வந்தாச்சு, ஓடிவா’ என்று பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? நமக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் ‘கு’ என்பது நான்காம் வேற்றுமை உருபு என்பது சொல்லித்தராமலே நம் காதுக்குத் தெரியும். உருபு எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வரும், தனியாக நடக்காது.

லண்டன் தெருவில் வண்டிக்குக் காத்திருந்தவரில் பலருக்கு இலத்தீன் தெரியாது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களும் பழைய வேற்றுமை ஈறுகளைப் பெரும்பாலும் இழந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அவர்கள் காதில் அது வெறும் மூன்று அசை ஓசை, எங்கே வெட்டினாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. ‘மரங்களுக்கு’ என்பதில் பன்மைக்குக் ‘கள்’, வேற்றுமைக்குக் ‘கு’ என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டலாம். இலத்தீனில் அப்படி முடியாது. பன்மை, வேற்றுமை இரண்டையும் ‘புஸ்’ என்ற ஒரே துண்டு சுமக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு பஸ் நின்றாலும் அந்தச் சொல்லுக்குள் பன்மை இருக்கிறது. அதற்கு மேல் ஆங்கிலேயர்கள் இன்னொரு பன்மை ஈறும் போட்டு ‘பஸஸ்’ என்கிறார்கள்.

காவிரிக்கரை:

தமிழ்வகுப்பு ஐயா சொன்னதோடு ஒரு சங்கதி. ‘குருப்யோ நமஹ’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். குருமார்களுக்கு வணக்கம் என்று பொருள். அதில் வரும் ‘ப்யஸ்’ சமஸ்கிருதத்தின் நான்காம் வேற்றுமைப் பன்மை ஈறு, சந்தியில் ‘ப்யோ’ ஆகிறது. இலத்தீனின் ‘புஸ்’ஸுக்கு அது உறவு. இரண்டும் ஒரே மூலமொழிக் குடும்பத்தில் வந்தவை. இதில் இன்னும் ஓர் ஒற்றுமை: சமஸ்கிருதத்தில் அந்த ஒரே ஈறுதான் பன்மையில் நான்காம் வேற்றுமைக்கும் ஐந்தாம் வேற்றுமைக்கும் வரும். இலத்தீனிலும் ‘புஸ்’ அதே மாதிரி இரண்டு வேற்றுமைக்கும் பொது.

இலத்தீன்வாசகி:

ஆமாம் ஐயா. அந்தக் குடும்பத்தில் மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. ரோமர்கள் வருவதற்கு முன் இன்றைய பிரான்ஸில் பேசப்பட்ட கௌலிஷ் மொழியில் இதே ஈறு ‘போ’ என்று இருந்தது. நீம் நகரத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டு கிரேக்க எழுத்தில் ‘மாத்ரெபோ நமௌசிகாபோ’ என்கிறது. நீம் நகரத்துத் தாய்த்தெய்வங்களுக்கு என்று பொருள். ‘மாத்ரெ’ என்பதைக் கேட்டவுடன் உங்களுக்கு ‘மாதா’ நினைவுக்கு வந்திருக்கும்.

நெடுவழி:

பெயர் வைத்த கதையை யாரும் சொல்லவில்லையே. பிரான்ஸின் நாந்த் நகரில் ஒம்னேஸ் என்ற பெயருள்ள தொப்பிக்கடைக்காரர் ஒருவர் இருந்தாராம். தன் பெயரை வைத்தே ‘ஒம்னேஸ் ஒம்னிபுஸ்’ என்று பலகை எழுதி மாட்டியிருந்தாராம். எல்லோரும் எல்லோருக்கும் என்றும் படிக்கலாம், ஒம்னேஸ் எல்லோருக்கும் என்றும் படிக்கலாம். அந்தக் கடை வாசலில் வண்டி நின்றதால் வண்டிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பல இடங்களில் இதைப் படித்திருக்கிறேன்.

இலத்தீன்வாசகி:

நெடுவழி, கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்கும் பலகைக்கும் உறுதியான சான்று இல்லாததால் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் அதைக் கதை என்றே ஒதுக்கி வைக்கிறார்கள். ‘எல்லோருக்கும்’ என்று ஒரு பொதுவண்டிக்குப் பெயர் வைக்கத் தொப்பிக்கடை தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் படித்த பிரெஞ்சுக்காரருக்கு அது சாதாரண இலத்தீன் சொல்தான்.

நாந்த் என்பதும் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்ற மனிதரும் உண்மை. அவர் கதைக்குத் தொப்பி தேவையே இல்லை. நகரத்துக்கு வெளியே ரிஷ்பூர் என்ற பகுதியில் அவருக்கு மாவு மில் இருந்தது. நீராவி எஞ்சினிலிருந்து வெந்நீர் நிறைய வீணாகிறதே என்று பக்கத்திலேயே வெந்நீர்க் குளியல் நிலையம் கட்டினார். குளிக்க வருகிறவர்களை ஏற்றிவர 1826இல் நகரத்தின் நடுவிலிருந்து வண்டி விட்டார். பார்த்தால் வண்டியில் ஏறுகிறவர்கள் குளியல் நிலையம் வரை வரவேயில்லை, வழியில் அவரவர் வேலை இருக்கும் இடத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். மக்களுக்கு வேண்டியது குளியல் அல்ல, வண்டிதான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. குறித்த வழி, குறித்த கட்டணம், வேண்டிய இடத்தில் ஏறலாம், இறங்கலாம். 1828இல் இதையே பாரிஸில் பெரிய அளவில் தொடங்கினார்.

தொழில் அவரைக் காப்பாற்றவில்லை. நடத்த முடியாத அளவுக்கு நஷ்டம் ஏறி 1830இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்ட வண்டியின் பெயரை இன்று எத்தனையோ மொழிகள் சொல்கின்றன. அவர் பெயரையும் நாம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

சாலையோரம்:

மிக்க நன்றி அக்கா. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ‘எல்லோருக்கும்’ என்று பெயர் வைத்தார்களே, உண்மையிலேயே எல்லோரும் ஏற முடிந்ததா?

நெடுவழி:

சரியான கேள்வி. லண்டன் கணக்கை நான் சொல்கிறேன். ஜார்ஜ் ஷில்லிபியர் என்ற வண்டி கட்டுபவர் பாரிஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1829 ஜூலை 4 அன்று லண்டனின் பாடிங்டனிலிருந்து பேங்க் என்ற பகுதி வரை வண்டி விட்டார். மூன்று குதிரை, சுமார் இருபது பேர் உட்காரலாம். முழுத்தூரத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அன்றைய கூலித்தொழிலாளி தினமும் கொடுக்கக்கூடிய காசு அல்ல அது. ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களும் கடைக்காரர்களும்தான் ஏறினார்கள். கொஞ்ச காலம் அந்த வண்டிக்கு ‘ஷில்லிபியர்’ என்றே பெயர் இருந்தது, அப்புறம்தான் ஆம்னிபஸ் நிலைத்தது.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு, அதில் இன்னும் மோசம். கணித மேதை பாஸ்கல் யோசனையில் 1662 மார்ச் 18 அன்று பாரிஸில் குறித்த வழியில் ஓடும் வண்டிகள் தொடங்கின. கட்டணம் ஐந்து சோல், அன்றைய பிரெஞ்சுக் காசு. வண்டிக்கு எட்டு இருக்கை. முதலில் ஜனங்கள் மொய்த்தார்கள். ஆனால் பாரிஸ் நீதிமன்றம் படைவீரர், வேலைக்காரர், உடலுழைப்பாளர் இதில் ஏறக்கூடாது என்று விதி போட்டுவிட்டது. பாஸ்கல் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். வண்டிகளும் சில ஆண்டுகளில் நின்றுவிட்டன. எல்லோருக்கும் என்ற பெயர் பிறப்பதற்கு நூற்றறுபது ஆண்டு முன்னால் நடந்தது இது.

பருத்தித்துறை:

இந்த இழையை இப்பதான் பார்த்தேன். நான் இருப்பது இங்கிலாந்தில். இலங்கையில் எங்கட ஊரில் அரசு பஸ்ஸைச் சி.ரி.பி. பஸ் எண்டுதான் சொல்லிப் பழக்கம், ‘ஆம்னி’ நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ‘ஆம்னிபஸ்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கவனித்தது பிரிஸ்டல் நகரத்தின் வரலாற்றில்.

அங்கே பஸ் நடத்தியது பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி. அரசுக்குச் சொந்தமானது. கறுப்பினத்தவரும் ஆசியரும் பஸ்ஸில் ஏறலாம், ரிக்கெற் எடுக்கலாம். ஆனால் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ அவர்களை எடுப்பதில்லை. 1963இல் கை பெய்லி என்ற இளைஞருக்கு நேர்முகத்தேர்வு குறித்தார்கள். அவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் ரத்துச் செய்துவிட்டார்கள். பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் போன்றவர்கள் முன்னுக்கு நின்று பஸ் புறக்கணிப்பை நடத்தினார்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கியது, ஓகஸ்ட் 28ஆம் திகதி கம்பெனி இறங்கி வந்தது. செப்டெம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்தக் கம்பெனியின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ஆனார். 1965இல் வந்த இன உறவுகள் சட்டத்துக்கு இதுவும் ஒரு தூண்டுதல் என்று சொல்வார்கள்.

கம்பெனிப் பலகையில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதியிருக்கிறது, இலத்தீனில். அதன் கீழே நின்று ஒரு பொடியனுக்கு உனக்கில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கொதிக்கும்.

நெடுவழி:

இதற்கு எட்டு ஆண்டு முன்னால் அமெரிக்காவின் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததும், அதன் பின் 381 நாள் மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்ததும் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஏற விட்டார்கள், விரும்பிய இடத்தில் உட்காரத்தான் விடவில்லை.

காவிரிக்கரை:

நம் பக்கமும் இது நடந்ததுதான். பஸ் வந்த புதிதில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த முதலாளிகள் உண்டு. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். ‘எல்லோருக்கும்’ என்பது தானாக வந்துவிடவில்லை, ஒவ்வொரு ஊரிலும் யாராவது போராடித்தான் வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வழக்குரை:

சட்டம் பயிலும் நண்பர்களுக்காக இரண்டு குறிப்பு.

ஒன்று: ஆங்கிலேயச் சட்டத்தில் ஒருவர் கவனக்குறைவாக நடந்தாரா என்று முடிவுசெய்ய ‘நியாயமான சாதாரண மனிதர்’ என்ற அளவுகோல் உண்டு. அவருக்குச் சட்ட வழக்கில் ‘கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் போகும் மனிதர்’ என்று பெயர். 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இந்தத் தொடர் பதிவாகியிருக்கிறது. கிளாப்பம் லண்டனில் ஒரு பகுதி. பெரிய பணக்காரரும் அல்ல, அறிஞரும் அல்ல, தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர். எழுபது ஆண்டுகளில் ஷில்லிங் கொடுத்து ஏறியவர்களின் வண்டி சாதாரண மனிதருக்கு அடையாளமாகியிருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டு: சாலையோரம் முதலில் கேட்ட கேள்விக்கு நேர்விடை. நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆம்னிபஸ்ஸுக்கு வரையறை இருக்கிறது. ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும்படி கட்டிய அல்லது மாற்றியமைத்த எந்த மோட்டார் வாகனமும் ஆம்னிபஸ்தான். டவுன் பஸ்ஸும் அதில் அடங்கிவிடும். அதே சட்டம் வண்டி ஓடும் முறையை வைத்து வேறொரு பிரிவும் செய்கிறது. வழிநெடுக நிறுத்தி, ஏறும் இடம் இறங்கும் இடம் பார்த்துத் தனித்தனிக் கட்டணம் வாங்கும் வண்டி ஒரு வகை. கண்டக்டர் ‘அடுத்த ஸ்டேஜ்’ என்கிறாரே, அந்த ஸ்டேஜை வைத்துத்தான் இதற்கு ‘ஸ்டேஜ் கேரேஜ்’ என்று பெயர். முழு வண்டியையும் ஒப்பந்தத்தில் எடுத்துச் செல்வது மற்றொரு வகை. தமிழ்நாட்டில் தனியார் தொலைதூர பஸ்கள் இரண்டாவது வகை உரிமத்தில் ஓடுகின்றன. அவற்றுக்குத்தான் மக்கள் வாயில் ‘ஆம்னி பஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் எல்லா பஸ்ஸுக்கும் பொதுவான பெயர், தெருவில் ஒரு வகைக்கு மட்டும் சுருங்கிவிட்டது.

சாலையோரம்:

அப்படியென்றால் நாந்த்தில் போத்ரி வண்டியை ஒம்னிபுஸ் ஆக்கியதே வழியில் ஏறி இறங்கலாம் என்பதுதான். நம்மூர் ஆம்னி பஸ்ஸுக்கு அந்த உரிமம்தான் இல்லை!

வழக்குரை:

ஆமாம். சட்டப்படி அந்த வேலையைச் செய்வது உங்கள் டவுன் பஸ்தான்.

மின்தொடர்:

எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பேனல் போர்டுக்குள் செம்பு அல்லது அலுமினியத்தில் பட்டையாக ஒன்று ஓடும், அதற்கு பஸ்பார் என்று பெயர். இத்தனை நாள் அதைக் கையாண்டும் இந்த பஸ்ஸும் அந்த பஸ்ஸும் ஒன்றா என்று யோசித்ததில்லை. சீனியர் ஒருவர் ‘ஒன்றுதான்’ என்கிறார். உண்மையா?

இலத்தீன்வாசகி:

உங்கள் சீனியர் சொன்னது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்நிலையங்களில் அதன் முழுப்பெயர் ‘ஆம்னிபஸ் பார்’. எல்லா ஜெனரேட்டரும் தன் மின்சாரத்தை அந்த ஒரே பட்டையில் கொண்டுவந்து சேர்க்கும், எல்லா இணைப்பும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் பொதுவான பட்டை. சாலை வண்டி எப்படிச் சுருங்கியதோ அதே போல இதுவும் பஸ்பார் ஆனது.

கம்ப்யூட்டர் வந்தபோது அங்கிருந்து ஒரு தாவல். செயலி, நினைவகம், மற்ற உறுப்புகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் கம்பித்தொகுதிக்கு பஸ் என்றே பெயர் வைத்தார்கள். 1996இல் வந்த யூஎஸ்பியின் கடைசி எழுத்து இந்த பஸ்தான். போன் சார்ஜ் போடச் செருகும் கேபிளின் பெயரில் இலத்தீன் நான்காம் வேற்றுமை உருபு இருக்கிறது! வண்டி, பட்டை, கம்பி இவற்றில் எதையும் அந்த உருபு தன்னளவில் குறிக்கவில்லை. ஆனால் ‘எல்லோருக்கும்’ என்ற பழைய பொருளை இந்த மின்சார பஸ், வேர் இல்லாமலே, சாலை பஸ்ஸைவிட நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வடக்குக்கடல்:

ஸ்வீடனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பஸ்ஸை ‘புஸ்’ என்றே உச்சரிக்கிறார்கள், இலத்தீன் ஓசைக்கு ரொம்ப நெருக்கம். கார்களுக்கு ‘பீல்’ என்று பெயர். டென்மார்க்கிலும் நார்வேயிலும் அதேதான். இந்த ‘பீல்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? 1902இல் டென்மார்க்கின் பொலிட்டிக்கன் நாளிதழ், ஆட்டோமொபீல் என்ற நீளமான சொல்லுக்கு மாற்றாக நல்ல சின்னச் சொல் சொல்லுங்கள் என்று போட்டி வைத்தது. அதில் வந்தது ‘பீல்’. ஆட்டோமொபீலின் கடைசித் துண்டு.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். ‘மொபீல்’ என்பதில் நகர்வைக் குறிக்கும் வேர் ‘மொ’ தானே? அப்படியானால் இதுவும் வேரில்லாத சொல்லா?

இலத்தீன்வாசகி:

ஆகா, அருமை! ஆமாம். இலத்தீன் ‘மோபிலிஸ்’ என்பதில் நகர்த்துவதைக் குறிக்கும் வேர் முன்னால் இருக்கிறது. ‘பிலிஸ்’ என்பது ‘கூடிய, தக்க’ என்று பொருள் தரும் விகுதி. ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்களின் முடிவில் ‘ஏபிள்’ என்று வருகிறதே, அதன் மூலமும் இந்த விகுதிதான். அப்படிப் பார்த்தால் ஸ்காண்டிநேவியச் சாலையில் ஓடும் ‘பீல்’ வெறும் விகுதி, பக்கத்தில் ஓடும் ‘புஸ்’ வெறும் வேற்றுமை உருபு. ஒன்று தெருவில் தானாக நடந்த மாற்றம். மற்றது பத்திரிகைப் போட்டியில் தெரிந்தே எடுத்த முடிவு. ஆனால் முடிவு ஒரே மாதிரி வந்திருக்கிறது.

பருத்தித்துறை:

எங்கட ஊர்ப் பழைய பயணிகள் வண்டியான தட்டிவானில் உள்ள ‘வான்’?

இலத்தீன்வாசகி:

அது ‘கேரவன்’ என்பதன் பின்பாதி. பாரசீகத்தில் ‘கார்வான்’ என்றால் வணிகர் கூட்டம். அங்கே உதிர்ந்தது வேர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லின் முன்பாதி அவ்வளவுதான். ‘ரிக்‌ஷா’ உங்களை இன்னும் யோசிக்க வைக்கும். ஜப்பானிய மொழியில் ‘ஜின்ரிகிஷா’. ஜின் மனிதர், ரிகி வலிமை, ஷா வண்டி. மனித வலிமையால் ஓடும் வண்டி என்ற சொல்லில் ஆங்கிலம் விட்டுவிட்டது ‘மனிதர்’ என்ற பகுதியை. இழுத்தவரைப் பெயரிலிருந்தும் இறக்கிவிட்டார்கள்.

தமிழ்வகுப்பு:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை அம்மா.

நெடுவழி:

நம்மிடம் ‘பேருந்து’ என்று நல்ல சொல் இருக்கும்போது பஸ்ஸின் கதை எதற்கு என்று யாராவது கேட்கும் முன் நானே கேட்கிறேன். பேருந்தில் வேர் பத்திரமாக இருக்கிறதுதானே, ஐயா?

தமிழ்வகுப்பு:

இருக்கிறது. பெருமை, உந்து இரண்டும் முழுசாக இருக்கின்றன. பெரிய உந்து என்று பொருள். நான் எழுதும்போது பேருந்து என்றுதான் எழுதுகிறேன், வகுப்பிலும் அதையே வலியுறுத்துகிறேன். ஆனால் பேருந்து வண்டியின் உருவத்தைச் சொல்கிறது. யாருக்கான வண்டி என்பதை அது சொல்வதில்லை. அந்த ஒரு செய்தி ஆம்னிபஸ் என்ற பழைய பெயரில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதால் பேருந்துக்கு ஒரு குறையும் வராது.

கேள்விக்குறி:

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த இழை முழுக்கப் படித்தேன், ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். ‘சிலபஸ்’ என்பதிலும் கடைசியில் பஸ் இருக்கிறதே, அதுவும் இதே உருபா? அப்புறம் சிலபஸுக்குப் பன்மை ‘சிலபை’ என்றால் ஆம்னிபஸுக்கு ‘ஆம்னிபை’ என்று சொல்லலாமா?

இலத்தீன்வாசகி:

நல்ல கேள்வி தம்பி. இரண்டுக்கும் விடை ‘இல்லை’.

சிலபஸ், நிம்பஸ், கொலம்பஸ் இவற்றில் ‘ப’ அடிச்சொல்லோடு சேர்ந்தது, ‘அஸ்’ மட்டும்தான் ஈறு. அது முதல் வேற்றுமை ஒருமை, எழுவாய் வடிவம். அதனால்தான் ‘அஸ்’ஸை எடுத்துவிட்டுப் பன்மை ஈறு போட முடிகிறது. ஆம்னிபஸ் ஏற்கெனவே பன்மை, ஏற்கெனவே நான்காம் வேற்றுமை. அதன் மேல் இன்னொரு இலத்தீன் பன்மை ஏறாது. ‘ஆம்னிபஸஸ்’ என்று ஆங்கிலப் பன்மை போடுவதுதான் வழக்கம்.

சிலபஸ்ஸின் பிறப்பு இதைவிட விசித்திரம். ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ தன் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதத்தில், நூல்சுருளில் ஒட்டும் தலைப்புச் சீட்டைக் குறிக்க ‘சித்திபாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சில் வந்த பதிப்பில் அது ‘சிலபோஸ்’ என்று பிழையாக விழுந்தது. பின்னால் வந்தவர்கள் அதை உண்மையான சொல் என்று நம்பி வளர்த்துவிட்டார்கள். அச்சுப்பிழையில் பிறந்த சொல் அது.

உருபோடு அப்படியே ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் வேண்டுமானால் ‘ரீபஸ்’ இருக்கிறது. படங்களை வைத்துச் சொல் கண்டுபிடிக்கும் புதிர். இலத்தீனில் ‘ரேஸ்’ என்றால் பொருள், ‘ரேபுஸ்’ என்றால் பொருள்களால், அதாவது எழுத்துக்குப் பதில் பொருள்களைக் காட்டி. அங்கே வேரும் உருபும் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. யாரும் வெட்டவில்லை.

கேள்விக்குறி:

நன்றி அக்கா. எங்கள் தமிழ் சாரிடம் நான்காம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டாக நாளைக்கு பஸ்ஸைச் சொல்லப் போகிறேன்.

தமிழ்வகுப்பு:

சொல்லுங்கள். ஆனால் தேர்வில் ‘கு’ என்றே எழுதுங்கள்.